மாடி போர்ஷன் சத்தம்

"அம்மா, மாத்திரை போட்டியா?"

மாடி போர்ஷனில் கண்டக்டர் போட்ட சத்தத்தில், கீழே வீட்டுக்காரம்மாவின் கையிலிருந்த டீ தளும்பியது.

பஸ்ஸில் கத்துவது போதாதென்று வீட்டிலுமா? காது கேட்காதவர் என்றால் பக்கத்தில் போய்ச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்த அம்மா, அனாதையாக நின்ற இவனைத் தூக்கி வந்து, கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் வளர்த்தவராம். வீடு பிடித்துக்கொடுத்த புரோக்கர் சொல்லியிருந்தார்.

"பெத்த அம்மாவா இருந்தா இப்படிக் கத்துவானா?" என்று கணவரிடம் பொருமினாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காலி பண்ணச் சொல்லிவிடுவது என்று அவளே முடிவு கட்டினாள்.

அவன் டியூட்டிக்குப் போனதும் மாடியேறினாள். அந்த அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், இவங்களுக்கு எங்க கேக்கப்போகுது" என்று வாய்க்குள் முனகினாள்.

"நல்லாவே கேக்குது. உள்ள வாம்மா."

வீட்டுக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வந்த புதிதில் பையன் வாயே திறக்கமாட்டானாம். திறந்தாலும் பயந்து பயந்து ஒரு முனகல்தான். பசிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டான். அதனால் தனக்குக் காது மந்தம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். இவருக்குக் கேட்கவேண்டுமே என்று கத்த ஆரம்பித்தவனுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. இன்று பஸ்ஸையே அதட்டுகிறான்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடலாமேம்மா?"

"எப்படிச் சொல்றது? ஏமாத்திட்டியேன்னு மனசு ஒடஞ்சுபோயிடுவான். நீயும் மூச்சு விடாத."

காலி பண்ணும் பேச்சை வீட்டுக்காரம்மா எடுக்கவே இல்லை. ஆனாலும் அவளுக்கும் தலைவலி இருக்கிறதே. சாயங்காலம் அவனைப் படிக்கட்டிலேயே நிறுத்தினாள்.

"தம்பி, கொஞ்சம் மெதுவாத்தான் பேசிப் பாரேன். அம்மாவுக்குக் கேட்டாலும் கேக்கும்."

அவன் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"கேக்கும்க்கா. சின்ன வயசுலேயே தெரியும். நான் தூக்கத்துல இருமினாக்கூட அடுத்த ரூம்லேருந்து தண்ணியோட வந்து நிப்பாங்க."

"அப்புறம் ஏன்ப்பா இந்தக் கத்து கத்தற?"

"எனக்காக இத்தனை வருஷமா செவிடா இருக்காங்கக்கா. தெரியும்னு சொல்லி அவங்களைச் சங்கடப்படுத்த எனக்கு மனசு வரல."