வீடியோவில் வெட்கப்பட்டவர்

செங்கம் சாலையோரம் வல்லரசின் சிறிய அடைக்கடைத் தகரக் கூரையில் காலை வெயில் பளபளக்கிறது. வியாபாரம் படுத்துவிட்டதால் இந்த மாதத்தோடு கடையை மூடிவிட அவன் முடிவு செய்திருக்கிறான். அவன் கேழ்வரகு அடை தட்டுவதை மனைவி அருணாதேவி நேற்று செல்போனில் படமெடுத்து, கடைசி முயற்சியாக இன்ஸ்டாகிராமில் போட்டாள். இப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த வேன் ஒன்று கடைமுன் நிற்கிறது. பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். ஒருத்தி செல்போனையும் வல்லரசின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "இவருதான்டி! வீடியோல வெக்கப்பட்டுக்கினே அடை தட்டுனாரே!" வல்லரசு தலையைக் குனிந்துகொள்கிறான். மாவு ஒட்டிய விரல்கள் மட்டும் இன்னும் வேகமாகத் தட்டுகின்றன. முருங்கைக்கீரையும் வெங்காயமும் எண்ணெயில் முறுகும் வாசனை சாலையைத் தாண்டிப் போக, எதிர் லாட்ஜ் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார். அருணாதேவி துடைத்து வைக்க வைக்க வாழையிலைகள் தீர்கின்றன.

"மாவு கம்மியா கீதுங்க," என்கிறாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஜாஸ்தியா பிசை," என்கிறான் வல்லரசு. பிறகு அவள் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்கிறான்: "நாளைக்கும் வீடியோ எடுப்பியா? முடி வெட்டிக்கினு வரேன்."