பதினான்காம் தலைமுறை

ஜப்பானிய ஊர் ஒன்றின் பதினான்காம் தலைமுறைக் குயவர் முன்னால், ஒருநாள் சுற்றுலா வந்த சென்னைக் கம்பெனிக்காரர்கள் பயபக்தியோடு நின்றார்கள். "பதினாலு தலைமுறையா சக்கரத்தை விடலையாம். பரம்பரைன்னா இதுதான்யா," என்று மேனேஜர் சபேசன் கண்கலங்கினார். மகளுக்கு வந்த டாக்டர் வரனை, பையனின் தாத்தா பானை வனைந்தவர் என்று போன மாதம்தான் தட்டிக்கழித்திருந்தார். "நல்லவேளை, முன்னாடியே விசாரிச்சீங்க சார்," என்று அன்று ஒத்து ஊதியவர் அருளாளன். அவருடைய அப்பாவும் பானை வனைந்தவர்தான் என்பது ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

ஆளுக்கொரு கிண்ணம் வனையச் சொன்னார்கள். எல்லோருடைய களிமண்ணும் சரிந்தது. அருளாளன் தொட்டதும் மண் நடுவில் அடங்கி நின்றது; கட்டைவிரல்கள் அவரைக் கேட்காமலே உள்ளே இறங்கின; விளிம்பு வட்டமாக எழுந்தது.

"என்ன அருளாளன், உங்களுக்கு மட்டும் எப்படி வருது?" என்றார் சபேசன்.

அருளாளன் சிரித்துக்கொண்டே முழங்கையால் கிண்ணத்தை இடித்துச் சரித்தார். "எங்க சார் வருது. அதுவா வந்துச்சு, அதுவா போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். குயவர் சிரிக்கவில்லை. சரிந்த மண்ணையும் அந்தக் கட்டைவிரல்களையும் பார்த்தார். பிறகு அருளாளனுக்கு மட்டும் இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினார்.

"உங்களுக்கு எதுக்குய்யா கும்பிடு?" என்றார் சபேசன்.

அருளாளன் ஈரமண் அப்பிய கைகளை அப்படியே பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.