நான்காம் பொத்தான்

நின்றுகொண்டு பார்ப்பதும் பார்ப்பதுதானே.

தோசைக்கல்லில் எண்ணெய் தடவியபடி அவள் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தாள். யாரோடு என்று அவளுக்கே தெரியவில்லை. கூடத்தில் டிவிக்குக் கீழே இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியோடு இருக்கலாம்.

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற பெட்டி. ஊரில் சில வீடுகளில் மட்டும்தான் வைப்பார்களாம். அதற்கென்று தனியாக ஒரு சின்ன ரிமோட், அதில் வீட்டில் ஆளுக்கொரு பொத்தான். கணவனுக்கு ஒன்று. மாமியாருக்கு இரண்டு. மகளுக்கு மூன்று.

அவளுக்கு நான்கு.

டிவி முன்னால் உட்கார்ந்தால் அழுத்த வேண்டும், எழுந்தால் அணைக்க வேண்டும் என்று மாட்ட வந்தவர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உட்கார்ந்ததில்லை.

அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றால் திரையில் பாதி தெரியும். மீதியைக் காதால் பார்த்துக்கொள்வாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்தப் பாதி போதாமல் போகும்.

அன்றைக்குச் சீரியல் கிடையாது. டிவி சும்மா ஓடும். யாரும் எதையும் அழுத்த மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் திரையில் ஒருத்தி வருவாள். நாற்பதைத் தாண்டியவள். ஏதோ ஒரு ஊரில் டவுன் பஸ் ஏறுவாள், கடைசி நிறுத்தத்தில் இறங்குவாள். அங்கே இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டே டீ குடிப்பாள். அதே பஸ்ஸில் திரும்புவாள்.

அவ்வளவுதான் நிகழ்ச்சி.

வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே, அங்கே யார் சமைக்கிறார்கள் என்று அவளை ஒருவரும் கேட்பதில்லை.

போன வாரம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். இந்த மாதக் கணக்கு வந்த பிறகு, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்களாம்.

இவள் கையில் கரண்டியோடு ஓடிவந்து நான்கை அழுத்தினாள்.

"அடுப்படில நிக்கிறவ எதுக்கு அமுக்குற?" மாமியார் கையை நீட்டி அணைத்தார். "பொய்க்கணக்கு எழுதவா வச்சிட்டுப் போனான்?"

அத்தை சொன்னதில் தப்பில்லை. அதுதான் வாரம் முழுக்க உறுத்தியது.

இன்றைக்கு நிகழ்ச்சி தொடங்கும்போது கணவன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி டிவி ரிமோட்டைத் தேடினான்.

"யாரு பாக்குறா இதையெல்லாம்? மேட்ச் போடலாம்."

அவள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பாக்குறேன்."

நான்கை அழுத்தினாள்.

இந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்து பழக்கமில்லை. முதுகைச் சாய்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியவில்லை. சாய்த்துக்கொண்டாள்.

மகள் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

மாமியார் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இந்தத் தடவை அணைக்கக் கையை நீட்டவில்லை.

திரையில் பஸ் கிளம்பிவிட்டது. கூட்டம். முழுத் திரையும் தெரிந்தது. கம்பியைப் பிடித்தபடி நின்ற ஒரு கிழவர், மடியில் முருங்கைக்கீரைக் கட்டோடு ஒருத்தி, தூங்கி வழியும் கண்டக்டர். இத்தனை நாளும் இவர்களெல்லாம் அந்த இன்னொரு பாதியில் இருந்திருக்கிறார்கள்.

"பசிக்குதுடி." கணவன் குரலில் கோபமில்லை. இவள் விளையாட்டு முடிந்தது என்பதுபோல் இருந்தது. "கல்லு காயுது பாரு. போய் ரெண்டு ஊத்திட்டு வந்து உக்காரு. உன் பஸ்ஸு எங்கயும் போயிடாது."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தேன்."