கையைத் தூக்கு!

2007ஆம் ஆண்டு. திருகோணமலையில், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கப் பழகும் பிசியோதெரபி வகுப்பு. பயிற்சியாளர் புஷ்பவதி போட்ட சத்தத்தில் மாணவி ஜெஸீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நில்! கையைத் தூக்கு! கெதியா!”

நோயாளி கனகரத்தினத்தின் நடுங்கும் கைகள் நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மிஸ், வருத்தக்கார மனிசன். கள்ளனப் பிடிச்ச மாதிரி அதட்டுறீங்களே, வெட்கமா இல்லையா?” என்று வெடித்தாள் ஜெஸீமா.

புஷ்பவதி திரும்பினாள்.

“ஆமி செக்பொயிண்டில இப்பிடித்தான் அதட்டுவாங்கள். பதறினா இந்த நடுக்க வருத்தத்துக்குக் கை கால் இறுகிப்போகும்; இங்கயே கேட்டுப் பழகட்டும். என்னைக் கட்டின மனிசனுக்கும் இதே வருத்தம்தான். போன மாசம் கையைத் தூக்கச் சொன்னவங்கள். அவருக்கு எழும்பேல்லை. சுட்டுப்போட்டாங்கள்.”

ஜெஸீமா கனகரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, உங்கட ஊர் சாம்பல்தீவிலயிருந்து இங்க வர எத்தினை செக்பொயிண்ட்?”

“மூண்டு, பிள்ளை.”

அவள் வகுப்பில் உட்காரப் போட்டிருந்த மூன்று கதிரைகளைத் தரதரவென்று இழுத்து, விறாந்தை நெடுக இடைவெளிவிட்டுப் போட்டாள். முதற் கதிரைக்குப் பின்னால் போய் நின்று, புஷ்பவதியைவிட உரத்துக் கத்தினாள்.