தமிழ் கீழே இருக்கிறது

கேட்டில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையில் தமிழ் இல்லை.

ஷண்முகப்ரியா கிட்டே போய் இன்னொரு முறை பார்த்தாள். கறுப்புப் பலகையில் பொன்னிற ஆங்கில எழுத்துகள் மட்டும். தடித்து இறங்கும் கோடுகள், முனையில் தலைமுடி அளவுக்கு மெலிந்து முடிந்தன. அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவைதான்.

அதற்கு இணையாகத் தமிழில் எந்த எழுத்துருவும் அவளுக்கு அகப்படவில்லை. குன்னூரில் இருக்கும் தன் சின்ன டிசைன் கடையிலும், இரவில் வீட்டிலும் உட்கார்ந்து, நான்கு மாதம் ஒவ்வோர் எழுத்தாக அவளே வரைந்தாள். 'ழ'வின் வளைவு எங்கே தடிக்க வேண்டும், எங்கே இழையாக வேண்டும் என்பதற்கே பதினோரு நாள் பிடித்தது.

கீழ் கோத்தகிரியின் இந்த எஸ்டேட் பங்களா இப்போது ஓட்டல். பலகை இரண்டு மொழியிலும் வரும் என்று சொல்லித்தான் மேனேஜர் கீர்த்திவாசன் வேலையைக் கொடுத்திருந்தார்.

"தமிழ் எங்கேங்க?" என்று கோபமாகக் கேட்டாள்.

அவர் சிரித்தார். "தமிழ் கீழே இருக்குதுங்க மேடம். வாங்க, காட்டறேன்."

சமையலறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் இறங்கினார்கள். ஒருவேளை தோட்டத்தில், விருந்தினர்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வைத்திருப்பார்களோ? கோபம் கொஞ்சம் தணிந்தது.

தேயிலைக் காட்டிலிருந்து ஏறி வரும் ஒற்றையடிப் பாதையின் முனையில், இரும்புக் கம்பத்தில் நின்றது அது.

'தொழிலாளர்கள் இவ்வழியே வரக் கூடாது.'

இரண்டு 'ழி'யும் அத்தனை அழகாக வந்திருந்தன.

அவளுக்கு முகம் எரிந்தது. "இதைக் கழட்டுங்க."

"கெஸ்ட் காபி குடிக்கிற இடத்துல மூட்டையைத் தூக்கிட்டு வர்றாங்க மேடம். ஃபான்ட் ஃபைலைக் குடுத்துட்டீங்க, இனி அது எங்க எழுத்துங்க."

அவள் பதில் சொல்வதற்குள் கொழுந்து மூட்டைகளைத் தலையில் சுமந்தபடி பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் பலகையைக் கண்டு நின்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். தேயிலைக் கறை படிந்த விரலால் ஓர் எழுத்தின் மெல்லிய முனையை மெதுவாகத் தடவினாள்.

பிறகுதான் நிமிர்ந்து ஷண்முகப்ரியாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஊட்டுல உக்காந்து ராவெல்லாம் வரைஞ்சயே, அதுதானா கண்ணு இது? அம்மாவுக்கே படிக்க வருது பாரு!"

கீர்த்திவாசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா மூட்டையைச் சரிசெய்துகொண்டாள். திரும்பி, வந்த வழியே இறங்கத் தொடங்கினாள். ஓடையைச் சுற்றிக்கொண்டு போனால், எடை போடும் இடத்துக்கு அரை மணி நேரம் கூடுதல் நடை.

ஷண்முகப்ரியா இரண்டு கைகளாலும் கம்பத்தைப் பற்றி இழுத்தாள். ஈர மண்ணில் அது அசைந்தது.