கதவு எளிதாகத் திறக்கிறது

பத்துக்குப் பூஜ்யம். நாற்பது வயதில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளான டீச்சரிடம் பூஜ்யம் வாங்கினால் யாருக்குத்தான் முகம் சுருங்காது?

ஜெர்மன் வகுப்பில் அன்று, பொருள்களின் குணத்தைச் சொல்லும் வினைச்சொற்கள். ஆடுகிறது, சொட்டுகிறது, முனகுகிறது, அந்த மாதிரி. அவரவர் குடியிருக்கும் அறையைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாள் டீச்சர். வகுப்பே நர்ஸ் அக்கா என்று கூப்பிடும் அவளும், ஓரம் நனைந்த நோட்டில் எழுதிக் கொடுத்தாள்: 'கதவு எளிதாகத் திறக்கிறது. குழாய் சொட்டுவதில்லை. விளக்கு நன்றாக எரிகிறது.'

"இலக்கணத்துல தப்பே இல்லைக்கா," என்றாள் டீச்சர், பூஜ்யத்தைப் போட்டுவிட்டு. "ஆனா குழாய் சொட்டாத ரூம்ல நோட்டு எப்படி நனைஞ்சுது? உங்க ரூமை எழுதிட்டு வாங்க."

வந்த ஆத்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதித் தள்ளினாள். கதவு இறுகிக்கொள்கிறது. குழாய் ஓயாமல் சொட்டுகிறது. விளக்கு கண் சிமிட்டுகிறது. வாடகை வாங்கும் வீட்டு ஓனர் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதற்கு மட்டும் வினைச்சொல் தெரியவில்லை, விட்டுவிட்டாள்.

டீச்சர் அதோடு விட்டாளா? எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிசையில் ஒரு தச்சர், ஒரு பிளம்பர், ஒரு எலெக்ட்ரீஷியன். மூவரும் வெளிநாட்டு வேலைக்காக மொழி படிப்பவர்கள். கதவு என்றதும் தச்சர் சிரித்தார். குழாய் என்றதும் பிளம்பர் சிரித்தார். விளக்குக்கு மூவருமே சிரித்தார்கள்.

நர்ஸ் அக்காவுக்கு உடம்பே கூசிப்போனது. பரீட்சைக்குப் பத்தே நாள். பாஸானால்தான் ஜெர்மனியில் வேலை, மகளையும் கூட்டிப்போக முடியும். இருந்தும், இனி அந்த வகுப்புப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை யாரோ தட்டினார்கள். அம்மாவும் மகளுமாகக் கதவை இழுத்துத் திறந்தால், கடைசி வரிசை மொத்தமும் கருவிப் பெட்டிகளோடு நிற்கிறது. பின்னால் டீச்சர்.

"தப்பா நினைக்காதீங்கக்கா," என்றார் பிளம்பர். "ஆறு மாசமா ஒண்ணும் புரியாமலே உக்காந்திருந்தோம். முதல் தடவையா முழுசாப் புரிஞ்சது நீங்க படிச்சதுதான். அந்தச் சந்தோஷத்துல சிரிச்சுட்டோம்."

மத்தியானத்துக்குள் எல்லா வேலையும் முடிந்தது. நர்ஸ் அக்கா நால்வருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

டீச்சர் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு அந்த நனைந்த நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் கட்டுரையின் பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள்.

"இப்ப இதுல பொய் இல்லைக்கா."