ஓணான் தலையாட்டியது

கோடையில் மரத்தில் புழு பூச்சி அற்றுப்போய், குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்க, மரங்கொத்தி அணிலிடம் அத்திப்பழம் கடன் வாங்கியது. கடனோடு கூடவே ஓர் ஓணானையும் அணில் அறிமுகப்படுத்தியது. "வாரம் ஒரு பழம் இவரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் பிழைப்பு போனால் என் தவணையை இவர் கட்டிவிடுவார்."

மரங்கொத்தி விவரமான பறவை. கேட்காமல் விடுமா?

"என் அலகு உடைந்தால் கட்டுவீர்களா?"

ஓணான் தலையாட்டியது.

"நான் கொத்திப் பிழைக்கும் மரமே விழுந்துவிட்டால்?"

அதற்கும் ஆட்டியது. மரங்கொத்திக்குப் பாதி கடன் அடைந்த மாதிரி இருந்தது. குஞ்சுகளுக்குக் குறைத்தாவது வாரப் பழத்தைக் கொடுத்துவந்தது.

அம்மியையே தூக்கும் ஆடிக்காற்று வந்தது. மரம் எம்மாத்திரம்? வேரோடு சாய்ந்தது. மரங்கொத்தி நேரே ஓணானிடம் பறந்தது.

"மரம் உங்களைப் போகச் சொன்னதா?" என்று விசாரித்தது ஓணான்.

"இல்லை, விழுந்துவிட்டது."

"அப்படியென்றால் வேலையை விட்டுப் போனது மரம். நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள். அது உங்களை விரட்டியிருந்தால் ஒரு தவணையை நேராக அணிலிடமே கொடுத்திருப்பேன்."

"அன்றைக்குக் கேட்டபோது தலையாட்டினீர்களே!"

"நான் ஓணான். வெயிலடித்தாலும் ஆட்டுவேன். வாயைத் திறந்து ஏதாவது சொன்னேனா?"

மரங்கொத்தி கெஞ்சியது. "போகட்டும் ஐயா. குஞ்சுகள் பட்டினி கிடக்கின்றன. இதுவரை கொடுத்த பழங்களையாவது திருப்பித் தருவீர்களா?"

ஓணான் தாராளமாகத் தலையாட்டியது.